சும்மா சவுண்டு விடாதே மச்சி!

"அம்மா, டியூப் ஆம்ப் ஒண்ணு வாங்கப் போறோம்..." என்று நான் ஆரம்பித்ததும் அம்மா நிமிர்ந்து பார்த்தது என்னை இல்லை. சுவரில் இருந்த டியூப்லைட்டை! "அது நல்லாத்தானேடா எரியுது?"

சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. அடுத்த கேள்வியில் எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. "அது என்னவா இருந்தா எனக்கென்ன... தண்ணி வந்தா தாங்குமா?"

பள்ளிக்கரணைக்காரங்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டாம். மத்தவங்களுக்காக: 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்க வீட்டுத் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணி. ஃப்ரிட்ஜ், அப்பாவோட ஸ்கூட்டர், பத்தாவது லீவில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கின என் முதல் பிராக்டிஸ் ஆம்ப்... எல்லாத்துக்கும் ஒரே நாளில் ஜலசமாதி. ராம்சார் பட்டியலில் 2022ல் இடம் பிடிச்ச சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கோம்னு பெருமையா சொல்லிக்கலாம். அந்தப் பெருமைக்கு அப்பப்போ வாடகை கட்டணும், அவ்வளவுதான்!

சரி, இப்போ எதுக்கு இன்னொரு ஆம்ப்? அங்கேதான் ஒரு சோகக்கதை.

நாங்க நாலு பேர். மூணாம் வருஷ இன்ஜினீயரிங். பேண்டுக்குப் பேர் மூணு தடவை மாத்தியாச்சு, அதனால சொல்ல மாட்டேன். போன செமஸ்டர் ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸில் (எந்தக் காலேஜ்னு கேட்காதீங்க, அங்கே இன்னும் ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க) ராக் போட்டியில் கலந்துக்கிட்டோம். நாங்க வாங்கினது பரிசு இல்லை... பல்பு! என் ரூமில் ராத்திரி பன்னெண்டு மணிக்கு மெதுவா வாசிச்சுப் பார்த்து ஒரு செட்டிங் வெச்சிருந்தேன். கெயின் ஃபுல், பேஸ் ஃபுல், ட்ரெபிள் ஃபுல், நடுவில் இருக்கிற மிட் மட்டும் ஜீரோ. ரூமில் கேட்டா சும்மா கர்ஜிக்கும். மேடையிலயும் அதையே வெச்சேன். அப்புறம் வீடியோ பார்த்தா... கை ஆடுது, தலை ஆடுது, முடி ஆடுது, கிட்டாரை மட்டும் காணோம்! டிவியை ம்யூட்ல போட்டுட்டு டான்ஸ் பார்த்த மாதிரி இருந்துச்சு.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம், நல்ல டியூப் ஆம்ப் ஒண்ணு வாங்கியே தீரணும்னு. ஒன்றரை வருஷமா நாலு பேரும் சேர்த்த பணம் இருக்கு. நான் பிளஸ் ஒன் பசங்களுக்கு டியூஷன் எடுத்தது, பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் கல்யாண ரிசப்ஷன்ல வாசிச்சது, பாடுறவ ஜிங்கிள் பாடினது. எல்லாத்தையும்விடப் பெரிய பங்கு எங்க டிரம்மரோடது. சாயங்காலமானா பைக்கை எடுத்துட்டு வேளச்சேரி, மேடவாக்கம்னு சாப்பாடு டெலிவரி பண்ணிச் சேர்த்த காசு. அதனால அவன் சொன்னதுக்கு ஒரு மரியாதை இருந்துச்சு. அவன் சொன்னது இதுதான்: "வாங்கினா 100 வாட் மச்சி. ஹெட்டு, அதுக்குக் கீழே நாலு ஸ்பீக்கர் கேபினெட்டு. மேடையில வெச்சாலே பாதிப் பேர் பயந்துடுவானுங்க."

நான் 15 வாட் போதும்னேன். "15 வாட்டா? எங்க வீட்டு எல்.ஈ.டி. பல்பே அதுக்குப் பக்கத்துல வரும்டா"ன்னான். பேச்சு முத்திப்போய், "என் பங்கைப் பிரிச்சுக் கொடுத்துடு"ங்கிற வரைக்கும் போயிடுச்சு. ஒரு ஆம்ப்பால பேண்டே உடையுற நிலைமை!

இந்த நேரத்தில்தான் எங்க தெருக்கோடி சவுண்டு சர்வீஸ் தாத்தா ஞாபகம் வந்தார். மேடவாக்கம், கோவிலம்பாக்கம், ஜல்லடியன்பேட்டைன்னு சுத்துப்பட்டு ஊர்த் திருவிழாவெல்லாம் ஒரு காலத்தில் இவர் மைக் செட்தான். ஆடி மாசம் எல்.ஆர். ஈஸ்வரி குரல் நாலு தெரு தாண்டிக் கேட்டுச்சுன்னா அது இவர் கைங்கரியம். இப்போ கடையை மூடிட்டார். ஆனா பரண் மேல ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் இன்னும் இருக்கு. 'டியூப்'னு சொன்னா அவருக்குப் புரியலை. "வால்வு செட்டா? அப்படித் தமிழ்ல சொல்லு தம்பி"ன்னார்!

ஈ.ஸி.ஈ. படிக்கிறேன்னுதான் பேரு. வகுப்பில் வால்வுக்கு ஒரே ஒரு ஸ்லைடு. 1906ல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் மூணு உறுப்பு வெச்ச வால்வை உருவாக்கினார்னு சொல்லிட்டு, அடுத்த ஸ்லைடில் டிரான்சிஸ்டருக்குத் தாவிட்டாங்க. தாத்தா கண்ணாடிக் குழாயைக் கையில் கொடுத்து விளக்கினப்போதான் புரிஞ்சுது. அதை நம்ம பாஷையில் சொல்றேன்.

வால்வுக்குள்ள இருக்கிற கேத்தோடுதான் ஹாஸ்டல். அதைச் சூடேத்தினா உள்ளே இருக்கிற எலக்ட்ரான் பசங்களுக்கு இருப்புக் கொள்ளாது, வெளியே குதிக்கத் துடிப்பாங்க. எதிர்ப்பக்கம் பிளேட். அதுல சில நூறு வோல்ட் கொடுத்திருக்காங்க. அதுதான் புதுப்படம் ஓடுற தியேட்டர். நடுவில் கிரிட்னு ஒரு கம்பிச் சுருள். அதுதான் கேட் வாட்ச்மேன். கிட்டார்ல இருந்து வர்ற துளியூண்டு சிக்னல்தான் வாட்ச்மேனோட மூடு. அவர் லேசா சிரிச்சா நூறு பேர் வெளியே போவான், லேசா முறைச்சா பத்துப் பேர். முகத்தில் சின்ன மாற்றம், கூட்டத்தில் பெரிய மாற்றம். ஆம்ப்ளிஃபிகேஷன் அவ்வளவுதான் பாஸ்! கிட்டார் ஆம்ப்பில் முதல்ல வர்ற சின்ன வால்வுக்கு 12ஏ.எக்ஸ்.7னு பேர். ஐரோப்பாவில் அதையே ஈ.ஸி.ஸி.83ம்பாங்க. அதோட பெருக்கும் சக்தி 100.

இப்போ ராக் எங்கே வருது? வாட்ச்மேன் விழுந்து விழுந்து சிரிச்சாலும் ஹாஸ்டல்ல இருக்கிற பசங்களுக்கு மேல வெளியே வர ஆள் இல்லை. எவ்வளவு முறைச்சாலும் மூடின கேட்டை அதுக்கு மேல மூட முடியாது. சிக்னல் பெரிசாகி இந்த ரெண்டு எல்லையிலும் இடிக்கும்போது அலையோட தலையும் காலும் மழுங்குது. சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் அது கத்தியால வெட்டின மாதிரி சட்டுனு நடக்கும். வால்வில் மெதுவா, மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி. அப்படி மழுங்கும்போது வாசிக்கிற சுரத்தோட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு அலைவரிசையெல்லாம் கூடவே பொறக்குது. கர்நாடக சங்கீதம் தெரிஞ்ச ஃப்ரெண்டு யாராவது பக்கத்தில் இருந்தா கேளுங்க. ரெண்டு மடங்குன்னா மேல் ஸ்தாயி ஸட்ஜமம், மூணு மடங்குன்னா அதுக்கும் மேல இருக்கிற பஞ்சமம். நீங்க மீட்டினது ஒரு சுரம், கேட்கிறது ஒரு கூட்டம்!

ஃபெண்டர் கம்பெனி ஆரம்பிச்ச லியோ ஃபெண்டருக்கு இந்த மழுங்கல் பிடிக்காது. சுத்தமான சத்தம்தான் அவர் லட்சியம். ஆனா பசங்க விடலையே. 1951ல் மெம்ஃபிஸில் 'ராக்கெட் 88' பாட்டைப் பதிவு பண்ணினப்போ அடிபட்ட ஆம்ப்பில் காகிதத்தைத் திணிச்சு வாசிச்சாங்க. 1964ல் 'கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால கிழிச்சே வாசிச்சார். (நீங்க கிழிக்காதீங்க. வீட்டுல நம்மளைக் கிழிச்சுடுவாங்க!)

எனக்குப் பிடிச்ச கதை ஜிம் மார்ஷலோடது. 'மார்ஷல்'னு எழுதின கறுப்புப் பெட்டியைப் பார்த்தா நாமெல்லாம் கும்பிடுவோம் இல்லையா? அந்த ஜிம் மார்ஷல் கிட்டாரிஸ்ட்டே இல்லை, டிரம்மர்! லண்டன் ஹான்வெல்லில் கடை வெச்சிருந்தார். அமெரிக்காவில் இருந்து இறக்குமதி ஆகிற ஃபெண்டர் ஆம்ப் யானை விலை, குதிரை விலை. கிட்டார் பசங்க கடைக்கு வந்து புலம்புவாங்க. 1962ல் கடை ரிப்பேர்காரர் கென் பிரானும் டட்லி கிரேவன்கிற இளைஞரும் ஃபெண்டர் 'பேஸ்மேன்' ஆம்ப்போட சர்க்யூட்டைப் பார்த்து, லண்டனில் கிடைச்ச பாகங்களை வெச்சு ஒண்ணு செய்தாங்க. ஜே.டி.எம்.45. ட்ரான்ஸ்ஃபார்மர் வேற, ஸ்பீக்கர் வேற, கொஞ்ச நாளில் பவர் வால்வும் வேற. லேப் ரெக்கார்டைக் காப்பி அடிக்கிற மாதிரிதான் அடிச்சாங்க. ஆனா கிடைச்ச பேனா வேற, கிடைச்ச மை வேற, அதனால கையெழுத்தே மாறிப்போச்சு! உலகம் 'பிரிட்டிஷ் ராக் சவுண்டு'னு கொண்டாடுறது அந்தக் கையெழுத்தைத்தான்.

தாத்தாவோட ஹார்லிக்ஸ் பாட்டிலில் பஞ்சுக்கு நடுவே சில பழைய வால்வுகள் இருந்துச்சு. எடுத்துப் பார்த்தா ஈ.எல்.84. மேலே பி.இ.எல். முத்திரை. 1954ல் பெங்களூரில் ஆரம்பிச்ச நம்ம பாரத் எலக்ட்ரானிக்ஸேதான். ராணுவத்துக்கு ரேடார் செய்யிற கம்பெனி ஒரு காலத்தில் ரேடியோ வால்வும் செய்திருக்கு. "ரேடியோவுக்கு வாங்கினது தம்பி"ன்னார் தாத்தா. எனக்குத் தலை சுத்திடுச்சு. பீட்டில்ஸ் வாசிச்ச வாக்ஸ் ஏ.ஸி.30 ஆம்ப், 'குயின்' பிரையன் மே இன்னைக்கும் விடாம வெச்சிருக்கிற அதே ஏ.ஸி.30... அதுல இருக்கிற நாலு பவர் வால்வும் இந்த ஈ.எல்.84 ரகம்தான்! அங்கே பீட்டில்ஸுக்கு உழைச்ச வால்வு, இங்கே நம்ம தாத்தா பாட்டிக்கு இலங்கை வானொலியைப் பாட வெச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு கேட்டுப் பார்த்தேன். மனுஷன் மூடியை இறுக்கிப் பாட்டிலை உள்ளே வெச்சுட்டார்.

வாட் பஞ்சாயத்துக்கு வருவோம். கணக்குப் புத்தகத்தை எடுத்துட்டு டிரம்மர் வீட்டுக்கே போனேன். பவர் பத்து மடங்கு ஆனா சத்தம் 10 டெசிபல் கூடும். 10 டெசிபல் கூடினா நம்ம காதுக்குச் சுமாரா 'ரெண்டு மடங்கு சத்தம்'னு தோணும். அதாவது 10 வாட்டைவிட 100 வாட் பத்து மடங்கு கத்தாது, ரெண்டு மடங்குதான் கத்தும். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். பெரும்பாலான கிட்டார் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்னு அளந்தா 97 முதல் 100 டெசிபல் வரும். ஒரு வாட்டுக்கே! குடியிருப்புப் பகுதியில் பகல்ல 55, ராத்திரி 45 டெசிபல்தான் இருக்கணும்னு 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதி சொல்லுது. 100 வாட் ஆம்ப்பை வீட்டில் பாதி திருப்பினாலே பக்கத்து வீட்டு மாமா வரமாட்டார், போலீஸ்தான் வரும்.

பவர் வால்வு உழைச்சாத்தான் அந்த 'கொழகொழ' சத்தம் வரும். 100 வாட்டை 1ல் வெச்சு வாசிக்கிறது, வால்வோ பஸ்ஸை வாங்கித் தெருமுனை பால் பூத்துக்கு ஓட்டுற மாதிரி. 1960கள்ல மேடை மைக் சிஸ்டம் சுமார்தான். கூட்டத்துக்கு ஆம்ப்பே போய்ச் சேரணும். அதனாலதான் 'தி ஹூ' பீட் டவுன்ஷெண்ட் 100 வாட் கேட்டார். இன்னைக்கு ஸ்பீக்கர் முன்னாடி ஒரு எஸ்.எம்.57 மைக்கை வெச்சா, 5 வாட் ஆம்ப் மைதானத்துக்கே கேட்கும். 1969ல் வந்த 'லெட் செப்பலின்' முதல் ஆல்பத்தில் ஜிம்மி பேஜ் வாசிச்சது மலை மாதிரி ஸ்டாக்கில் இல்லை, சின்ன சூப்ரோ ஆம்ப்பில்.

எல்லாத்தையும் கேட்டுட்டு டிரம்மர் சொன்னது: "பேப்பர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கும்."

சரி, காதுலயே காட்டிடலாம்னு வேளச்சேரியில் ஒரு ஜாம் ரூமை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். அங்கே 100 வாட் ஸ்டாக்கும் இருந்துச்சு, மூலையில் தூசியோட ஒரு 15 வாட் காம்போவும் இருந்துச்சு. முதல்ல ஸ்டாக். மாஸ்டர் வால்யூம் 2. அதுக்கு மேல போனா பாட்டு கேட்கலை, அதுக்குக் கீழே வந்தா கொசு ரீங்காரம். இருபது நிமிஷம் மல்லுக்கட்டினோம். அப்புறம் காம்போ. மாஸ்டரை 6ல் வெச்சு, கெயினைப் பாதிக்கும் கீழே இறக்கி ஒரே ஒரு கார்டு அடிச்சேன். டிரம்ஸ் நின்னுடுச்சு. திரும்பிப் பார்த்தா குச்சியை மடியில் வெச்சுட்டு உட்கார்ந்திருக்கான். "இன்னொரு தடவை அடி"ன்னான். அடிச்சேன். ஒண்ணும் பேசலை. வெளியே வந்து டீ குடிக்கும்போது, "அந்த மார்ஷல் நிஜமாவே டிரம்மரா?"ன்னு மட்டும் கேட்டான்.

பேண்ட் பிழைச்சுது!

நீங்களும் வாங்கப் போறீங்கன்னா கொஞ்சம் கேளுங்க. ஹாஸ்டல் ரூம், ஒண்டுக் குடித்தனம்னா வால்வே வேண்டாம். மாடலிங் ஆம்ப்போ, கம்ப்யூட்டர்ல இலவசமாக் கிடைக்கிற 'நியூரல் ஆம்ப் மாடலர்' மாதிரி சாஃப்ட்வேரோ போதும். கண்ணைக் கட்டிட்டுக் கேட்டா பல சமயம் எனக்கே வித்தியாசம் தெரியலை, இதை ஒத்துக்கிறதுல வெட்கம் இல்லை. வித்தியாசம் காதைவிட விரல்லதான் தெரியுது. மெதுவா மீட்டினா சுத்தமாவும் அழுத்தி மீட்டினா கரகரன்னும் அது பதில் சொல்ற விதம் இருக்கே... அது ஒரு தனி சுகம். தனியா வாசிக்க 5 வாட். டிரம்ஸோட சேர்ந்து வாசிக்க 15 வாட். அதுக்கு மேல வேணும்னு சொல்றவங்க வீட்டுக்குப் பக்கத்து வீடு இல்லாதவங்க!

ருசியைப் பொறுத்தவரைக்கும் பழைய மூணு குடும்பம்தான். ஃபெண்டர் ரகத்தில் 6வி6, 6எல்6 வால்வு. பளிச்சுன்னு சுத்தமா இருக்கும், நடுவில் கொஞ்சம் பள்ளம். வாக்ஸ் ரகத்தில் ஈ.எல்.84. மேல கணகணன்னு மணி அடிக்கும். மார்ஷல் ரகத்தில் பெரும்பாலும் ஈ.எல்.34. நடுவில் சதைப்பிடிப்பு ஜாஸ்தி. ஆனா பாதி ருசி ஸ்பீக்கர்ல இருக்கு, அதை யாரும் கேட்கிறதில்லை. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல படுத்துடும். அந்த வடிகட்டல் இல்லாம டிஸ்டார்ஷன் பெடலை நேரா மைக் செட்டில் சொருகினா வர்றது ராக் இல்லை, கொசு பேட்ல கொசு மாட்டின சத்தம்.

அண்ணா சாலையில் 1842ல் ஆரம்பிச்ச மியூசி மியூசிக்கல் மாதிரி கடைங்க இருக்கிற ஊர் நம்மளோடது. போய்ச் சொந்தக் கிட்டார்ல வாசிச்சுப் பார்க்காம வாங்காதீங்க. வெளிநாட்டு மாமா அமெரிக்காவில் இருந்து கொண்டு வந்தார்னா பெட்டி பின்னாடி முதல்ல படிங்க. 120 வோல்ட்னு இருந்தா நம்ம 230 வோல்ட் பிளக்கில் சொருகின அடுத்த நொடி புகைதான். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும். அப்போகூட அது 60 ஹெர்ட்ஸ் ஊருக்குச் செய்தது. நம்ம 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடுதலாச் சூடாகும். ஸ்பீக்கர் வயர் மாட்டாம வால்வு ஆம்ப்பை ஆன் பண்ணி வாசிக்கவே கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடும். ஹெட்டில் 8 ஓம்னு இருந்தா கேபினெட்டிலும் 8 ஓம். வால்வு தேய்ஞ்சா மாத்தணும். இன்னைக்கு உலகத்துக்கே வால்வு செய்யிறது ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவில் இருக்கிற சில தொழிற்சாலைங்கதான். 2022ல் உக்ரைன் போர் ஆரம்பிச்சு ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தப் போகுதுன்னதும் உலகம் பூரா கிட்டாரிஸ்ட்டுங்க அலறினாங்க. அதனால 12ஏ.எக்ஸ்.7, ஈ.எல்.84 மாதிரி எல்லாரும் செய்யிற வால்வு இருக்கிற ஆம்ப்பாப் பாருங்க.

இனி சொல்றது விளையாட்டு இல்லை. ஹம்முனு சத்தம் வருதுன்னு பிளக்கோட எர்த் பின்னை வெட்டுற மேதாவிங்க இருக்காங்க. 1972ல் 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவின் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலயே செத்துப்போனார். மழைக்கு ஈரம் ஊறுற நம்ம ஏரியாத் தரையில நின்னுட்டு வாசிக்கிறவங்க இதை ரெண்டு தடவை படிக்கணும். தண்ணியில் நனைஞ்ச ஆம்ப்பைக் காயவெச்சு 'சும்மா ஆன் பண்ணிப் பார்ப்போம்'ங்கிறதும் கூடாது. உள்ளே 300, 400 வோல்ட் ஓடுற சமாச்சாரம். சுவிட்சை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல அது உட்கார்ந்திருக்கும். தாத்தா இன்னும் அதைக் கண்டன்சர்னுதான் சொல்வார். "கண்டன்சரு செத்த பாம்பு மாதிரி படுத்திருக்கும் தம்பி, தொட்டாத்தான் தெரியும்." அவர் வால்வு செட்டைத் திறந்தா இடது கை எப்பவும் சட்டைப்பையில்தான். ரெண்டு கையையும் உள்ளே விட்டா கரண்டு நெஞ்சு வழியாப் போகும்ங்கிறதை அவர் எந்தக் காலேஜிலும் படிக்கலை. நமக்கு அந்த வேலையே வேண்டாம், தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்துடுங்க.

சரி, குமிழைத் திருப்புவோமா? என் பல்புக்குக் காரணம் அங்கேதான் இருக்கு.

சத்தம் குறைவா இருந்தா நம்ம காது பேஸையும் ட்ரெபிளையும் சரியா வாங்காது. 1933லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் அமெரிக்காவில் இதை அளந்து காட்டிட்டாங்க. அதனாலதான் ராத்திரி ரூமில் பேஸையும் ட்ரெபிளையும் ஏத்தி, மிட்டைக் கொன்னா இனிச்சுது. மேடையில் சத்தம் ஏறினதும் பேஸ் குமுறும், ட்ரெபிள் கீறும். என் பேஸை பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் முழுங்கிடுச்சு, என் ட்ரெபிளைச் சிம்பல் முழுங்கிடுச்சு. கிட்டார் குடியிருக்கிற வீடு மிட்தான். அதை நானே காலி பண்ணிட்டு மேடையேறியிருக்கேன்!

இன்னொரு ஏமாத்து: எல்லாத்தையும் 5ல் வெச்சா நடுநிலைன்னு நினைப்போம். ஃபெண்டர், மார்ஷல் வகை சர்க்யூட்டில் அது நடுநிலை இல்லை, நடுவில் பள்ளம். பேஸ் 0, ட்ரெபிள் 0, மிட் 10 வெச்சாத்தான் கிட்டத்தட்டச் சமதரை. நம்பலைன்னா சிமுலேட்டர்ல போட்டுப் பாருங்க, ஈ.ஸி.ஈ. பசங்களுக்கு அரை மணி நேர வேலை. மூணு குமிழும் கூட்டுக்குடும்பம். ஒண்ணைத் தொட்டா மத்த ரெண்டும் நகரும்.

நான் இப்போ செய்யிறது: பெடலை எல்லாம் ஓரமா வெச்சுட்டு கிட்டாரை நேரா ஆம்ப்பில் சொருகுவேன். ரெண்டு நிமிஷம் சூடாகட்டும். மிட் 7, ட்ரெபிள் 5, பேஸ் 3. கிட்டார்ல இருக்கிற வால்யூம் ஃபுல். மாஸ்டரை இடம் தாங்குற அளவுக்கு ஏத்திட்டு, அப்புறம்தான் கெயின். அழுத்தி அடிச்சா கரகரக்கணும், தடவினா தெளியணும். அந்த எல்லையில் நிறுத்திடுவேன். இதுக்கு மேல ஒரு புள்ளிகூட ஏத்தத் தோணும், கையைக் கட்டிக்கணும். ரிதம் வாசிக்கக் கிட்டார் வால்யூமை 6க்கு இறக்குவேன், லீடு வரும்போது 10. பேண்டோட வாசிக்கும்போது பேஸை இன்னும் ஒரு புள்ளி குறைப்பேன். தனியாக் கேட்டா ஒல்லியா இருக்கும், சேர்ந்து கேட்டா நிக்கும். இன்னும் உறுமல் வேணும்னா டியூப் ஸ்க்ரீமர் பெடல். (பேர்லதான் டியூப். உள்ளே வால்வே கிடையாது, மைசூர்பாக்கில் மைசூர் இல்லாத மாதிரி!) அதோட டிரைவைக் குறைச்சு லெவலை ஏத்தினா, பேஸைக் கொஞ்சம் வெட்டி மிட்டைத் தள்ளி வால்வை முட்ட வைக்கும். அப்புறம், ஆம்ப்பைத் தரையில் வெச்சுட்டு முன்னாடி நின்னு 'ட்ரெபிள் பத்தலை'ன்னு ஏத்தாதீங்க. ஸ்பீக்கரோட மேல் அலைவரிசையெல்லாம் நேர்க்கோட்டில்தான் போகும். உங்க முழங்காலுக்குக் காது இல்லை. ஒரு சேர் மேல தூக்கி வைங்க.

தூக்கி வைக்கிறதுன்னதும் ஞாபகம் வருது... அம்மாவோட கேள்வி. 100 வாட் ஹெட் சுமார் 20 கிலோ, நாலு ஸ்பீக்கர் கேபினெட் 36 கிலோ. ராத்திரி ரெண்டு மணிக்கு வாசல்ல தண்ணி ஏறும்போது, அம்மாவைக் கூட்டிட்டுப் போறதா, கேபினெட்டைத் தூக்குறதா? நாங்க வாங்கினது ரெண்டு ஈ.எல்.84 இருக்கிற செகண்ட் ஹேண்ட் 15 வாட் காம்போ, 15 கிலோ. கடையில் வாசிச்சுப் பார்க்கிறதுக்கு முன்னாடியே ஒத்தையாளாத் தூக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்கிக் காட்டினேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பள்ளிக்கரணைன்னதும் ஒண்ணும் கேட்கலை. இப்போ அது ஹவுஸ் ஓனர் விட்டுக்கொடுத்த முதல் மாடி ரூம்ல குடியிருக்கு.

வந்த அன்னைக்கு சாயங்காலம் டிரம்மர், அம்மா, தாத்தா எல்லாரும் மாடியில் ஆஜர். சூடேறட்டும்னு காத்திருந்து ஸ்டாண்ட்பையை எடுத்தா... 'ம்ம்ம்ம்ம்'னு ஒரே இரைச்சல். டிரம்மர் முகம் சுருங்கிடுச்சு, ஒன்றரை வருஷ டெலிவரி காசாச்சே. நான் ஆம்ப்பைச் சுத்திச் சுத்தி வர்றேன். தாத்தா ஆம்ப்பைப் பார்க்கவே இல்லை. என் கிட்டாரோட சிங்கிள் காயில் பிக்கப்பைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "அந்த டியூப்லைட்டை அணைம்மா. அதோட சோக்குதான் கத்துது."

அம்மா அணைச்சாங்க. இரைச்சல் பாதிக்கு மேல அடங்கிடுச்சு. ரூமே இருட்டு. ஆம்ப்போட முதுகுப் பக்கம் மட்டும் ரெண்டு வால்வும் ஆரஞ்சு நிறத்தில் கனிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அம்மா குனிஞ்சு கொஞ்ச நேரம் பார்த்தாங்க.

"நல்லாத்தானேடா எரியுது."